பெருவிரலுக்கு வந்த வேலை

தென்காசி,
ஆவணி மாதம்

அன்பு மகள் இசக்கிச்செல்விக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நல்ல சுகம், போலந்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க இலஞ்சி முருகனை வேண்டிக்கொள்கிறோம். சாரல் இன்னும் விடவில்லை, துவைத்த துணி காயமாட்டேன் என்கிறது, அப்பாவுக்குச் சளி, ஆனாலும் ஐந்தருவியில் குளிக்கவேண்டுமாம், நான் அங்கே வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டது போதாதா என்று சத்தம் போட்டேன்.

போனில் இதையெல்லாம் சொல்ல வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். கட்டுப் பிரித்த பிறகு ஆள்காட்டி விரல் மடங்காமல் நீட்டிக்கொண்டே நின்றது உனக்குத் தெரியும், அச்சகத்தில் நடந்ததைத்தான் உன்னிடம் சொல்லவில்லை. அந்த விரலின் பாரத்தில் மவுஸ் தானாகவே க்ளிக் ஆகி, ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரே அழிந்துபோனது. முதலாளி பரமேஸ்வரன் அண்ணாச்சி கோபப்படவில்லை, "நீங்க முன்னால உக்காந்து ஆர்டர் மட்டும் எடுங்கம்மா, டிசைனுக்கு வேற ஆள் பாக்குதேன்" என்றார். நீ பிறப்பதற்கு முன்பிருந்து நான் பார்த்த வேலை. வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். பார்த்தவர்கள் எல்லாரும் எந்த விரல் போச்சு என்றுதான் கேட்டார்கள், நீ ஒருத்திதான் எந்த விரலெல்லாம் நல்லா இருக்கும்மா என்று கேட்டாய்.

நீ கம்ப்யூட்டரில் விளையாட வைத்திருக்கிற மாதிரியே எனக்கு அனுப்பிய கேமிங் மவுஸ் கோயில் கொடைத் திருவிழா சீரியல் லைட் மாதிரி மின்னியதைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது, தொட்டால் கர்சர் திரையின் மறுகோடிக்கு ஓடியது. அன்றைக்கு நீ அங்கிருந்தபடியே இன்டர்நெட் வழியாக நம் வீட்டுக் கணினிக்குள் வந்து, லைட்டை அணைத்து, இடது பட்டனை வேலை செய்யாமல் ஆக்கி, க்ளிக்கைப் பெருவிரல் பக்கத்துப் பட்டனுக்கு மாற்றினாய். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, இப்ப எப்படிம்மா, இப்ப எப்படிம்மா என்று அலுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாய்.

செட்டிங் எல்லாம் மவுஸுக்குள்ளேயே பதிந்திருக்கும் என்று நீ சொன்னதை நம்பாமல்தான் அச்சகத்துக்கு எடுத்துப் போனேன், அங்கேயும் பெருவிரல் சொன்னபடி கேட்டது. முதலில் வலித்தது, பிறகு படிந்துவிட்டது. புது ஆள் வருவதற்குள் அச்சன்புதூர்க் கல்யாணப் பத்திரிகையை முழுக்க நானே செய்தேன். அண்ணாச்சி ஏதோ அவசரத்துக்கு என் மவுஸைப் பிடித்து இடது பக்கம் அமுக்கு அமுக்கென்று அமுக்கி, "ஏம்மா, இது செத்துல்லா போச்சு" என்றார். பக்கத்தில் வேலை செய்யும் ராபியா சிரிப்பை அடக்கமாட்டாமல், "அண்ணாச்சி, அது ஆவுடை அக்கா கைக்கு மட்டுந்தான் கேக்கும்" என்றாள். அவர் திரையில் இருந்த பத்திரிகையை நின்று வாசித்துப் பார்த்தார். "சரி, வர்றதா இருந்த ஆள வேண்டாம்னு சொல்லிருதேன்" என்றார்.

நீ நன்றாக இரு மகளே. கம்ப்யூட்டரில் விளையாடாதே என்று இனி சொல்லமாட்டேன், உன் மணிக்கட்டையும் பார்த்துக்கொள், நல்லெண்ணெய் தேய். குலதெய்வம் உன் கூடவே நிற்கும். ஒன்றை மறக்காதே, அப்பா போனில் சாப்பிட்டியா என்பதோடு நிறுத்திக்கொள்வார், உடனே வைத்துவிடாமல் நீயாக இரண்டு வார்த்தை பேசு. நீ மவுஸைச் சரிசெய்த அன்றைக்கு நாங்கள் யாரும் தொடாமலே கர்சர் திரையில் நகர்ந்ததல்லவா, "ஏளா, அது நம்ம பிள்ள கைல்லா" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

இப்படிக்கு
உன் அம்மா
ஆவுடைத்தாய்