இன்குபேட்டரில் இடம் கிடைக்காத தட்டுகள்

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு,

இங்கே அம்மாவின் முழங்காலைத் தவிர எல்லாம் நலம். அங்கே உன் இருமலும் விட்டுப்போய் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் பாதியை விழுங்கிவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். என் ஈஸ்ட் வளர்ந்துவிட்டது சின்னக்குட்டி. எலியின் சிறுநீரகத்தில் சர்க்கரையைச் செல்லுக்குள் கடத்துகிற அந்தப் புரதம், அதன் மரபணுவைப் புகுத்திய ஈஸ்டிலும் வேலை செய்கிறது. சர்க்கரையை உள்ளே எடுக்கத் தனக்கென்று எந்த வழியும் இல்லாதபடி செய்த ஈஸ்ட் அது. எலியின் புரதம் செல் சவ்வில் போய் வாசலாக நின்றால் சாப்பாடு, இல்லாவிட்டால் பட்டினி. இத்தனை நாளும் பட்டினிதான். புரதம் உருவாகும், ஆனால் சவ்வுக்குப் போகாமல் உள்ளேயே முடங்கிவிடும். விருந்தாளி வந்தால் நான் உள்ளறைக்குள் ஒளிவதைப் போல என்று அம்மா கேலி செய்வாள். இந்த மாதத்தோடு இந்த ஆய்வை மூடிவிடலாம் என்று எங்கள் ஆய்வகத் தலைவி சொன்னபோதும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன்.

கடைசி முறையாகத் தட்டுகளில் ஈஸ்டைப் பூசி எடுத்துப் போனால், தட்டுகளை இளஞ்சூட்டில் வைத்து வளர்க்கும் இன்குபேட்டரில் ஓர் அடுக்குகூடக் காலியில்லை, எல்லாவற்றையும் பாக்டீரியாக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். கேட்டால்தானே தருவாங்க அப்பா என்று நீ சொல்வது நினைவுக்கு வந்தது, ஆனாலும் அவர்கள் கதவுவரை போய்த் திரும்பிவிட்டேன். ஏ.சி. ஓடும் நுண்ணோக்கி அறையில், மேசை ஓரத்தில் அடுக்கி வைத்தேன். குளிரில் மெதுவாகத்தானே வளரும் என்று, வழக்கமாகத் தூக்கியெறியும் நாள் கடந்தும் விட்டுவைத்தேன். ஒரு நாள் காலையில் பார்த்தால் ஊசிமுனை அளவில் வெள்ளைப் புள்ளிகள். வேறேதோ கிருமி வந்து விழுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். நீ என்ன கேட்பாய் என்று தெரியும்: ஒப்பிட்டுப் பார்க்க வைத்த, எலியின் மரபணு இல்லாத ஈஸ்டைப் பூசிய தட்டு வெறுமையாகத்தான் கிடந்தது. மறுபடி செய்தேன். இம்முறை இன்குபேட்டரில் இடமிருந்தது, பாதியை அங்கேயும் வைத்தேன். அங்கே ஒன்றுமில்லை, குளிரில் மட்டும் முளைத்தது. புரதத்தில் ஒளிரும் பச்சைக் குறி சேர்த்துப் பார்த்தால் செல்லைச் சுற்றி மோதிரம்போல் ஒரு வளையம். நிதானமாக உருவானதால் சரியாக மடிந்து சவ்வுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். இன்னும் நினைக்கிறேன் என்றுதான் சொல்வேன்.

நேற்றுக் கூட்டத்தில் நானே கையைத் தூக்கி, முடிவைச் சொன்னேன். தலைவி படங்களைப் பார்த்துவிட்டு, மூடுகிற பேச்சை இனி யாரும் எடுக்க வேண்டாம் என்றார். பிறகு, "சார், இன்குபேட்டர்ல உங்களுக்குன்னு ஒரு அடுக்கு ஒதுக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாம் மேடம், அந்த ஏ.சி. ரூம்ல ஒரு மேசையை எனக்கே விட்டுடச் சொல்லுங்க" என்றேன். பாக்டீரியாக்காரர்கள்தான் முதலில் கை தட்டினார்கள். அம்மாவிடம் சொன்னால் நம்பாமல், கேட்டது யார் என்று இன்னொரு தரம் விசாரித்தாள்.

உன் அறையில் ஹீட்டர் ஓடவில்லை, வீட்டுக்காரரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். என் பிள்ளைதானே. இன்றே போய்க் கேள். குளிர் ஈஸ்டுக்கு ஒத்துக்கொண்டது, உனக்கு ஒத்துக்கொள்ளாது. கேட்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை, அப்பா செய்து பார்த்துவிட்டேன்.

எல்லா நலமும் பெற்று நீ சந்தோஷமாக இருக்க வேண்டும். ஹீட்டர் ஓடியதும் ஒரு வரி எழுது.

உன் அன்பு
அப்பா