சோறு போட்டுவிட்டுச் சொல்ல வேண்டிய சேதி

என் பிரியமுள்ள மதினிக்கு,

நீங்கள் இல்லாமல் மாசி பிறந்துவிட்டது. நம் தெருவுக்குக் கரண்டும் வந்துவிட்டது. கம்பத்தை உங்கள் வாசலுக்கு நேராகத்தான் நட்டிருக்கிறார்கள். நீங்கள் இருந்திருந்தால் வேலையாட்களோடு மல்லுக்கு நின்று அதை நாலு வீடு தள்ளி நட வைத்திருப்பீர்கள். உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர், நம் வீட்டில் ஒரு பல்பு போட்டிருக்கிறார். அதன் கீழே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

காலையில் என்னால் எதுவும் ஆகாது. எழுந்து முகம் கழுவுவதே பெரும்பாடாக இருக்கிறது. விளக்கு வைக்கிற நேரத்தில்தான் நெஞ்சில் இருக்கிற பாரம் கொஞ்சம் இறங்கும். இதை யாரிடம் சொன்னாலும், "உனக்கு என்ன கொறச்சல்?" என்கிறார்கள். நீங்கள் ஒருத்தர்தான் அப்படிக் கேட்காதவர்.

ஆமாம் மதினி, அது திரும்பி வந்துவிட்டது. இத்தனை வருஷம் என்னைத் தாங்கின மாத்திரை இந்தத் தடவை தாங்கவில்லை. டாக்டர் அளவைக் கூட்டிப் பார்த்தார். நாக்கு வறண்டதும் கை நடுங்கினதும்தான் மிச்சம். இப்போது, பழையபடி தலைக்குக் கரண்டு வைத்துப் பார்ப்போம் என்கிறார். நாளைக்கு மதுரைக்குப் போகிறோம்.

கரண்டுக்கு நான் பயப்படவில்லை. முன்பு போல இல்லையாம், தூங்க வைக்க ஊசி போட்ட பிறகுதான் வைப்பார்களாம். அதோடு என்ன போகும் என்றுதான் பயமாக இருக்கிறது. சமீபத்திய மாதங்கள்தான் முதலில் மறந்துபோகும், சிலது திரும்பி வரும், சிலது வராமலும் போகலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். சமீபத்திய மாதங்கள் என்றால் எனக்கு நீங்கள்தானே?

முதல் தடவை நடந்தது எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. எல்லாம் நீங்கள் சொல்லித்தான் தெரியும். அப்போது நான் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டி வாணத்துக்குள் மருந்துப் பொடி அடைத்துக்கொண்டிருந்தேன். பேச்சு நின்று, சாப்பாடு நின்று, கடைசியில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேனாம். கோடாங்கி, தாயத்து எல்லாம் பார்த்துவிட்டு, நீங்கள்தான் என்னை ரயிலேற்றி மதுரைக்குக் கொண்டுபோனீர்கள். கரண்டு வைக்கப் போகிறோம் என்றதும் டாக்டருக்கு முன்னால் போய் வழியை மறித்து நின்றீர்களாம்.

"ஐயா, இவ பொடியில புழங்குன பொம்பள. ஒரு பொறி பட்டா என்னாகும்னு எங்க ஊர்ல பச்சப்புள்ளைக்கும் தெரியும். நல்லாத் தேச்சுக் குளிப்பாட்டிக் கூட்டியாறேன். அதுக்குப் பொறவு வைங்க."

டாக்டர் சிரிக்கப் போய், உங்கள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாராம். ஆஸ்பத்திரிக் குழாயடியில் உட்கார வைத்து, சீயக்காயை அள்ளி அள்ளிப் போட்டுத் தேய்த்தீர்கள். நகக்கண்ணில் இருந்த அலுமினியப் பொடியை ஈர்க்குச்சியால் நோண்டி எடுத்தீர்கள். "எரியுது மதினி" என்றேனாம். பல வாரம் கழித்து நான் பேசின முதல் பேச்சு அதுதான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள்.

கரண்டு வைத்து முடித்து வீட்டுக்கு வந்ததும் நான் அம்மாவைக் கேட்டேன். "சாத்தூர்ல இருக்காக, வருவாக" என்றீர்கள். தினமும் கேட்டேன், தினமும் அதையே சொன்னீர்கள். ஒருநாள் மத்தியானம் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தீர்கள். நானாக மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு வந்ததும் பக்கத்தில் உட்கார்த்தினீர்கள்.

"ஒங்கம்மா போய்ச் சேந்துட்டாக தாயி. நாம ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாலயே. நீ போய் மொகம் பாத்துட்டுத்தான் வந்த. வெறும் வயித்துல சொல்லக் கூடாதுன்னுதான் வச்சிருந்தேன்."

உங்களோடு எத்தனை நாள் பேசாமல் இருந்தேன்! கோபம் வருகிற அளவுக்கு எனக்குக் குணமாகியிருந்தது என்பது பிற்பாடுதான் புரிந்தது.

அதற்கப்புறம் சில வருஷத்தில் மாத்திரை வந்தது. இதற்கு என்ன பத்தியம் என்று நீங்கள் கேட்க, ஒரு பத்தியமும் இல்லை என்றார் டாக்டர். உங்களுக்கு மனசு ஒப்பவில்லை. பத்தியம் இல்லாத மருந்து எப்படி வேலை செய்யும் என்று வழியெல்லாம் புலம்பிவிட்டு, நீங்களாகவே கத்திரிக்காயை நிறுத்தினீர்கள். இன்றைக்கு வரைக்கும் நான் கத்திரிக்காயைத் தொடவில்லை. சந்தையில் பிஞ்சாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் நாக்கு ஊறத்தான் செய்கிறது. பாவி, என்னைக் கட்டிப்போட்டுவிட்டுப் போய்விட்டீர்களே!

ஐப்பசி மழையில் நீங்கள் படுக்கையில் விழுந்தீர்கள். அந்த மாதங்களைத்தான் கொடுக்க மனசு வரவில்லை. கஞ்சி ஊட்டினேன், புடவை மாற்றினேன். தீபாவளிக்கு மறுநாள் தலைப் பிசுக்கு அரிக்கிறது என்றீர்கள். வெந்நீர் வைத்து, வலிக்குமோ என்று மெதுவாகத் தேய்த்தேன். "அழுத்தித் தேய்டி, நான் என்ன பூச்சட்டியா?" என்றீர்கள். இரண்டு பேரும் சிரித்தோம். நான் கடைசியாகச் சிரித்தது அன்றைக்குத்தான். நீங்கள் எனக்குச் செய்ததில் அந்த ஒரு குளியலைத்தான் நான் திருப்பிச் செய்தேன். அதுவும் போய்விட்டால் நான் என்ன செய்வேன் மதினி?

போகாமல் இருந்துவிடலாமா என்றும் நினைத்தேன். ஆனால் உங்கள் தம்பி இப்போதெல்லாம் கிணற்றுத் தண்ணீரை அவரே இறைத்து வந்து ஊற்றி வைக்கிறார். என்னைக் கிணற்றடிக்கு விடுவதில்லை. ஏன் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. அதனால்தான் போகிறேன்.

நேற்று அவரிடம் சொல்லி வைத்தேன். "வந்ததும் மதினி எங்கனன்னு கேப்பேன். சாத்தூர்ல இருக்காகன்னு சொல்லுங்க. நான் வயிறாரச் சாப்பிட்ட பொறவு உள்ளதைச் சொல்லுங்க."

"அக்கா மாதிரி எனக்குப் பொய் சொல்ல வராதே" என்றார்.

"அப்பச் சோத்தைச் சீக்கிரம் போடுங்க" என்றேன்.

காலையில் எழுந்து தலைக்குக் குளிக்க வேண்டும். கம்பெனிக்குப் போவதை விட்டு வருஷக்கணக்காகிறது, நகத்தில் ஒரு பொட்டுப் பொடி கிடையாது. இருந்தாலும் உங்கள் பேச்சைத் தட்ட மாட்டேன். சீயக்காயை எடுத்து வைத்துவிட்டேன். தேய்த்துவிடத்தான் ஆள் இல்லை.

இதை மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். திரும்பி வருவேன். உட்கார்ந்து சாப்பிடுவேன், மறுசோறு கேட்பேன். அதற்கப்புறம் நீங்கள் இல்லை என்ற சேதியை முதல் தடவை கேட்பது போலக் கேட்டு, வாய்விட்டு அழுவேன். நீங்கள் போன அன்றைக்கு எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை மதினி.

இன்னும் பத்தியம் காக்கிற,
உங்கள் தம்பி பொண்டாட்டி