வேருக்குங்களா, வாய்க்குங்களா?

அக்கா,

உங்கள் கேள்வியை வெட்டி எறிந்தார்கள். உங்கள் பெயரை மட்டும் விட்டுவைத்தார்கள். நடந்த அநியாயம் இதுதான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

இன்று காலை நாகலூர் காபி எஸ்டேட் ஒன்றுக்காக மருந்துக் குறிப்பை மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். பாதியில் என் பழைய கணினியின் திரை நின்றது. பச்சை எழுத்தில் உங்கள் வாசகம் வந்தது: "ஏனுங்க, வேருக்குங்களா, வாய்க்குங்களா?" பதில் தட்டும்வரை அது நகராது. நானும் நகரவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கித் தீய்ந்த வாசம் வந்த பிறகுதான் எழுந்தேன். துக்கம் என்று சொல்ல முடியவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படிக் கிள்ளிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பால் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்தேன்.

இந்த வாசகம் பிறந்த அன்று மலையில் மழை. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வேலையை விட்டுவிட்டு, காபிச் செடி மருந்துகளுக்கான துண்டறிக்கைகளை நான் தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன். நீங்கள் வெள்ளக்கடை மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்று, ஆடுமாடுகளுக்கான அறிக்கைகளை எழுதிக்கொண்டிருந்தீர்கள். ஒரே சொல்லுக்கு ஒவ்வொரு மொழிபெயர்ப்பாளரும் தனித்தனியாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்களே என்று, சொல்லைத் தேடி எடுத்து வைக்கும் ஒரு மென்பொருளை நான் எழுதத் தொடங்கியிருந்தேன். எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. ஒரு பழைய கணினி, அதனோடு வந்த தடித்த கையேடு, என் பிடிவாதம், இவ்வளவுதான். தமிழ் எழுத்துகளைக்கூட நானே புள்ளி புள்ளியாக வரைந்தேன். என் 'ழ'வைப் பார்த்து, "இது என்னங்க தம்பி, மண்புழு சுருண்டு கெடக்கற மாதிரி" என்றீர்கள்.

'டிரெஞ்ச்' (drench) என்ற ஆங்கிலச் சொல்லில் வந்து முட்டிக்கொண்டோம். காபிக்காரர்களுக்கு அது வேர் நனையும்படி மருந்து ஊற்றுவது. உங்கள் மாட்டாஸ்பத்திரியில் அதே சொல் மாட்டின் வாயில் மருந்து புகட்டுவது. இரண்டையும் காட்டினால் போதும், முதலில் இருப்பது தவறென்றால் மொழிபெயர்ப்பவர் மாற்றிக்கொள்வார் என்றேன் நான்.

"அவசரத்துல ஆருங்க தம்பி மாத்தறாங்க? நிறுத்திக் கேக்கச் சொல்லுங்க."

"மிசின் என்னன்னுக்கா கேக்கும்?"

"ஏனுங்க, வேருக்குங்களா, வாய்க்குங்களான்னு கேக்கட்டும்."

"ஏனுங்க வேற போடணுமாக்கா? எத்தனை எழுத்து வரையறது?"

"மருவாதி இல்லாம கேட்டா ஆரு பதில் சொல்லுவாங்க? வரைங்க, வரைங்க. மண்புழுவே வரைஞ்சிட்டீங்க."

வரைந்தேன். இரண்டு பொருள் வரும் இடத்திலெல்லாம் அது நின்று கேட்டது. சேலத்தில் துண்டறிக்கை தயாரிக்கும் ஓர் அலுவலகம் தன் மொழிபெயர்ப்பாளர்களுக்காக அதைக் கேட்டு வாங்கிக்கொண்டது. அச்சாகும் தாளின் அடியில், நான் தொகுத்த செடிச் சொல் வந்தால் என் பெயரும் நீங்கள் தொகுத்த கால்நடைச் சொல் வந்தால் உங்கள் பெயரும் இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

அங்கிருந்த மேலாளருக்கு உங்கள் கேள்வி பிடிக்கவில்லை. நம்மிடம் சொல்லாமலே ஆள் வைத்து அதை எடுத்துவிட்டார். வாய் பூட்டப்பட்ட கருவி, முதலில் கிடைத்த சொல்லை எடுத்துப் போட்டது. அக்கா, மரத்தின் இளசும் கன்று, மாட்டின் இளசும் கன்று. காபிக் கன்றின் வேரழுகலுக்காக எழுதப்பட்ட குறிப்பு, "அழுகல் கண்ட கன்றுகளுக்குக் கரைசலைப் புகட்டவும்" என்று அச்சாகி வந்தது. படித்தால் ஒரு குறையும் தெரியாது. நல்ல தமிழ். அடியில் உங்கள் பெயர்.

செம்மநத்தத்தில் ஓர் அம்மாளின் கிடாரிக் கன்றுக்குக் குளம்பு அழுகியிருந்தது. காபிக்கு வாங்கிய மருந்து வீட்டிலேயே இருந்தது. தாளில் சொன்னபடி கரைத்துப் புகட்டினார். கன்று செத்த மறுநாள் அந்தத் தாளோடு உங்கள் வாசலுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"ஏனுங்க அம்மிணி, உங்க பேரு இருந்துச்சுங்க. உங்க பேரு இருந்ததாலதானுங்க ஊத்துனேன். இல்லாட்டி நொம்ப யோசிச்சிருப்பேனுங்க."

நீங்கள் தாளை வாங்கிப் படித்தீர்கள். பிறகு என்னைப் பார்த்து, "மிசின் கேக்கலீங்களா தம்பி?" என்றீர்கள். நான் அந்த அம்மாளிடம் விளக்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினீர்கள். "கன்னு செத்து நிக்கறவங்ககிட்ட மிசின் கதை பேசாதீங்க."

அதன் பிறகு நீங்கள் ஒரு வரியும் மொழிபெயர்க்கவில்லை. மாட்டுக்கு மருந்து கேட்டு உங்கள் வாசலுக்கு யாரும் வரவுமில்லை. அடுத்த மழைக்காலத்துக்கு நீங்கள் இல்லை.

நான் பஸ் பிடித்துச் சேலத்துக்குப் போனேன். மேலாளர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"பெரியவரே, நிமிசத்துக்கு ஒருக்கா ஏனுங்க ஏனுங்கன்னு நின்னா வேலை எப்படிங்க ஓடும்? அந்தம்மா குடுத்த சொல்லுதானே வந்துச்சு?"

"வேலை ஓடுச்சுங்க. கன்னுதான் எந்திரிக்கலை."

டீ சொன்னார். நான் குடிக்கவில்லை. மறு அச்சில் ஒரு வரி சேர்த்தார்கள்: 'கால்நடைச் சொல் தொகுப்பில் நேர்ந்த பிழை திருத்தப்பட்டுள்ளது.' உங்கள் தொகுப்பில் பிழை இல்லை. அந்த வரி இன்னும் அப்படியே நிற்கிறது. இப்போது அவர்களுக்குப் புதிய கணினிகள் வந்துவிட்டன. அவற்றில் ஓடும்படி மாற்றிக் கொடுக்கச் சொல்லி ஆள்மேல் ஆள் அனுப்புகிறார்கள். "போனவங்க போயிட்டாங்க, விடுங்க" என்கிறார்கள். நான் விடவில்லை. கோபம்கூட இல்லை அக்கா. கதவில் தாழ்ப்பாள் கிடப்பதுபோலக் கிடக்கிறேன்.

செய்ய வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த மேலாளர் தாம் எடுத்த கேள்வியை, 'ஏனுங்க'வும் சேர்த்து, எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். அந்த வரியை அச்சிட்ட அலுவலகம், பிழை தன்னுடையது என்று அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும். அதைத் தபாலில் அனுப்பிவிட்டுக் கைகழுவக் கூடாது. பொறுப்பில் இருப்பவர் செம்மநத்தம் ஏறி, அந்த அம்மாளின் மாட்டுக் கட்டுத்தரையில் நின்று படித்துக் காட்ட வேண்டும். வெட்டுப்பட்ட பிரதியை வைத்திருக்கும் மொழிபெயர்ப்பாளர்கள், கருவி கேட்காத இடத்தில் தாங்களே நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். இவை நடக்கும்வரை புதிய பிரதியை யாருக்கும் தராமல் இருக்க வேண்டியது நான்.

காலையில் நின்ற திரை இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. தட்டினால் உங்கள் வாசகம் மறைந்துவிடும். ஆனாலும் மரியாதையாகக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதும் நான்தான்.

வேருக்குங்க அக்கா.