அக்கா, நீங்கள் செதுக்கிய என் முகம்

அக்கா,

உங்கள் தகரப் பெட்டியைத் திறந்ததும் அச்சு மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை எழுந்தது. நீங்கள் கண்மூடி ஐந்து மாதமாகிறது. பெட்டியைக் கொண்டுவந்தவர் உங்கள் தம்பி.

"டீச்சர், அக்காவின்ர கடிதங்களையும் படங்களையும் கொழும்பில ஒரு காப்பகத்துக்குக் குடுக்கப் போறம். அவவை உங்களைப் போல அறிஞ்ச ஆக்கள் இல்லை. நீங்கள்தான் ஒழுங்குபடுத்தித் தரவேணும்" என்றார். பெருமையோடுதான் ஒப்புக்கொண்டேன்.

ஒரு கிழமையாகப் பாயில் பரப்பி அடுக்கினேன். வெள்ளைக்காரக் கப்பல்கள் நின்ற துறைமுகம், கிண்ணியாத் துறையில் தோணிக்குக் காத்திருக்கும் பெண்கள். மரக்கட்டையில் செதுக்கி, மை தடவி, நீங்கள் ஒற்றியெடுத்த ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்ததே. எல்லாவற்றுக்கும் அடியில், பத்திரிகைத் தாளில் சுற்றியபடி, நான் காணாத படம் ஒன்று இருந்தது.

அதில் இருந்தது நான்.

துறைமுகத்து இழுவைப் படகிலிருந்து விழுந்து என் கணவர் இறந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. செத்தவீட்டில் சனம் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றது. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் பின்னேரம், உப்புவெளியில் உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய் அறையில் இருத்தினீர்கள்.

"இஞ்ச அழும், பிள்ளை. இஞ்ச ஆரும் பாக்கமாட்டினம்."

தேத்தண்ணி போட்டு வருவதாகச் சொல்லிக் குசினிக்குப் போனீர்கள். நான் நிலத்தில் விழுந்து, மாரில் அடித்துக் கதறினேன். தேத்தண்ணி வர நெடுநேரமாயிற்று. என் முன்னால் அழக்கூடாதென்று குசினிக்குள் நின்று அழுகிறீர்கள் என்று நினைத்தேன். நாம் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் மற்ற ஆசிரியைகள் உங்கள் முன்கோபத்தைக் குறை சொன்னபோதெல்லாம் நான் உங்கள் பக்கம் நின்றதற்கு அந்தப் பின்னேரம்தான் காரணம்.

படத்தில் அவிழ்ந்த தலை, விலகிய சேலை, திறந்த வாய். கட்டையில் செதுக்கியது தாளில் இடம் வலம் மாறும் அல்லவா, என் இடக் கழுத்து மச்சம் வலப்பக்கம் வந்திருந்தது. அதைக்கூட நீங்கள் விடவில்லை.

எழுதும் கடிதத்துக்கெல்லாம் நகல் வைப்பது உங்கள் வழக்கம். கொழும்புச் சிநேகிதிக்கு எழுதியதன் நகல் படத்தோடு இருந்தது. "கொழும்புக் கண்காட்சியில் எல்லோரும் இதன் முன்தான் நின்றார்கள் என்று எழுதியிருந்தாய். கதவிடுக்கால் பார்த்து அப்போதே வரைந்துவிட்டேன். அவளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அவள் கொழும்புப் பக்கம் வருவதில்லை."

மூன்று தரம் படித்தேன். அதன் பிறகும் எத்தனை வருடம் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டோம். என் மகளின் கலியாணச் சேலையைத் தெரிந்தெடுத்ததும் நீங்கள்தான். அன்றெல்லாம் இது உங்கள் பெட்டிக்குள் இருந்திருக்கிறது.

பெட்டியில் இருந்த படங்களில் அதுதான் ஆகச் சிறந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நேற்று உங்கள் தம்பி வந்தார். இரண்டையும் நீட்டினேன். கடிதத்தைப் படித்துவிட்டு மடித்தார்.

"இதுகளை எரிச்சுப்போடுவம் டீச்சர். அக்காவின்ர பேர் கெட்டுப்போம்."

"வேண்டாம் தம்பி. படத்தைக் காப்பகத்துக்குக் குடுங்கோ. கடிதத்தையும் அதோடயே சேர்த்துக் குடுங்கோ. பாக்கிறவைக்கு அது எப்பிடி வந்ததெண்டும் தெரியட்டும்."

பட்டியலில் இரண்டையும் ஒரே இலக்கத்தின் கீழ் எழுதினேன்.

இப்போது மகள் ஆறுதலாக அணைத்தாலும் என் உடம்பு விறைக்கிறது. அழ வந்தால் அடக்கிக்கொள்கிறேன். அக்கா, அந்தப் பின்னேரத்துக்கு நாலு நாள் கழித்து, "உம்மை வரையட்டோ?" என்று ஒரு சொல் கேட்டிருந்தால், ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். அதுதான் எனக்கு ஆறவில்லை.