வட்டுவாகல் பாலமும் என் கழுத்தும்

2024 சனவரி 22, திங்கள்

இன்று இருபத்துமூன்று பிள்ளைகள். புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் கடைசிவரை அழுதார்கள். ஒருத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டே மற்றவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தேன். வீட்டுக்கு வந்து சைக்கிளால் இறங்கினால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பிள்ளையைத் தூக்கினதால் பிடித்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன்.

அது பொய். இரண்டு கிழமையாக நோகிறது. வலது பக்கம், கழுத்தும் தோளும் சேருகிற இடம். அந்த இடமேதான்.

சனவரி 25, வியாழன்

வீட்டிலிருந்து சைக்கிளில் வெளிக்கிடும்போது ஒன்றுமில்லை. வட்டுவாகல் பாலத்தடிக்கு வந்ததும் நோவு தொடங்குகிறது. முன்பள்ளிப் படலையைத் திறக்கும்போது தலை கல்லுமாதிரிக் கனக்கிறது.

சனவரி 28, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து இதை எழுதுகிறேன். இவர், என் மனுசன், இன்று கடலுக்குப் போகவில்லை, கிழிந்த வலை பொத்துகிறார். அம்மா குசினியில் சமைக்கிறார்.

அந்த இடத்தில் ஒரு ஷெல் துண்டு இருக்கிறது. 2009இல், கடைசி யுத்தத்தில் பட்டது; அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. முகாமில் இருந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தார்கள். "சின்னத் துண்டு தங்கச்சி. நரம்புக்குக் கிட்ட இருக்கு. எடுக்கப் போனால்தான் கரைச்சல். அப்பிடியே கிடக்கட்டும்" என்றார் டொக்டர். கிடந்தது. கலியாணம் முடித்தேன், முன்பள்ளி ஆசிரியை ஆனேன், அது பேசாமல் கிடந்தது. அந்தத் துண்டு என்னிடம் வந்தபோது தம்பி எனக்குப் பக்கத்தில் இருந்தான். அவனைப் பற்றி இதில் எழுதமாட்டேன்.

இன்று கோயில் வாசலில் யாரோ கதைத்துக்கொண்டு நின்றார்கள். பளைப் பக்கம் ஒரு ஆளுக்கு உள்ளே கிடந்த ஷெல் பீஸ் நகர்ந்து, ஒரு கை விளங்காமல் போய்விட்டதாம். நின்று கேட்டேன். கேட்காமல் வந்திருக்கலாம்.

நகருமா? பதினைந்து வருடத்துக்குப் பிறகுமா?

பெப்ரவரி 2, வெள்ளி

நோவு இன்னும் போகவில்லையென்று அம்மா நேற்றுக் கண்டுபிடித்துவிட்டார். சட்டை மாற்றும்போது நான் முழு உடம்பையும் திருப்பினேனாம். "நடக்கிற நடையிலையே தெரியுது, இரு" என்று கதிரையில் இருத்தினார். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் பிடித்தார். நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்தார். ஆனால் அந்த இடத்துக்கு வரும்போது அவருடைய விரல் தானாகச் சுற்றிப் போனது.

இரவு நல்ல நித்திரை. காலையில் கழுத்து இலேசு. பாலத்தடியில் திரும்பவும் தொடங்கியது.

பெப்ரவரி 6, செவ்வாய்

பழைய மெத்தையிலிருந்து ஸ்பொஞ்சை வெட்டி, துணி சுற்றி, கழுத்துக்கு ஒரு பட்டி தைத்தேன். கைபேசியில் பார்த்த யோசனை. கட்டிக்கொண்டு சைக்கிள் ஓடினால் குனிந்து நிலத்தைப் பார்க்க முடியாது. பாலத்துக்கு முன்னாலுள்ள பள்ளத்தில் சைக்கிளை நேராகக் கொண்டுபோய் விட்டேன். வியர்வையில் கழுத்தெல்லாம் கடி. முன்பள்ளிக்குப் போனால் ஒருத்தன் கேட்கிறான், "ரீச்சர், ஏன் தலாணியோட வந்தனீங்கள்?"

சிரித்தேன். சிரிக்கவும் நொந்தது. பட்டி இப்போது பொம்மை மூலையில் இருக்கிறது, யானைப் பொம்மைக்கு மெத்தையாக.

பெப்ரவரி 9, வெள்ளி

வலது தோளில் பையைத் தொங்கவிடுவதை நிறுத்தினேன். பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி, பையைக் கரியரில் இறுக்கிக் கட்டினேன். தலையணை இல்லாமல், துவாயைச் சுருட்டிக் கழுத்துக்குக் கீழே வைத்துப் படுக்கிறேன். கொஞ்சம் சுகம். கொஞ்சம்தான்.

பெப்ரவரி 15, வியாழன்

இன்று பாலத்தில் விழப் பார்த்தேன்.

வட்டுவாகல் பாலம் ஒரு வாகனம் போகிற அகலம். பின்னால் ஏதும் வந்தால் திரும்பிப் பார்த்து, ஒதுங்கி நின்று, விட்டுவிட்டுப் போகவேண்டும். இன்று பின்னால் பஸ் ஹோர்ண் அடித்தது. திரும்பப் பார்க்கிறேன் — கழுத்து வரவில்லை. எவ்வளவு கிட்ட வந்துவிட்டது என்று தெரியாமல், உடம்போடு திரும்பப் போய், ஹாண்டில் வெட்டிப் பாலத்தின் கரைக்கே போய்விட்டேன். ஒரு காலை ஊன்றி நின்றேன். கீழே தண்ணீர். பஸ்காரர் நிற்பாட்டி, "அக்கா, ஒண்டுமில்லையோ?" என்று கேட்டார். இல்லை என்று கையைக் காட்டினேன்.

2009இல் அந்தத் தண்ணீரை நான் ஒருமுறை கடந்தவள். அந்த முறை அம்மாவும் நானும் மட்டும்தான் இந்தக் கரைக்கு வந்தோம். இதிலே விழுந்து சாக நான் என்ன பைத்தியமோ.

கௌசலாவிடம் சொன்னேன். முன்பள்ளியில் என்னோடு படிப்பிக்கிறவர், வீடும் முன்பள்ளிக்குப் பக்கத்திலேயே. "ஏலாதெண்டால் கொஞ்ச நாள் நில்லுங்கோ ரூபினி, நான் பாக்கிறன்" என்றார். தனி ஆளாக இருபத்துமூன்று பிள்ளைகளை எப்படிப் பார்ப்பார்? நாங்கள் இரண்டு பேரும் வருமுன் ஆசிரியை இல்லாமல் எட்டு மாதம் பூட்டிக் கிடந்த இடம் அது. பாலத்தால் போகிற பஸ் முன்பள்ளிப் பக்கம் வராது. சைக்கிள் இல்லையென்றால் முன்பள்ளியும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம். போனால் துண்டு நகர்ந்துவிட்டதென்று சொல்லிவிடுவார்கள்.

பெப்ரவரி 19, திங்கள்

முன்பள்ளிக்குப் போய்ச் சேர என் சைக்கிள் ரயர் வெடித்தது. முல்லைத்தீவில் அந்த அளவு ரயர் உடனே கிடைக்காதாம், புதுக்குடியிருப்பில் சொல்லி எடுக்கவேண்டுமாம். கௌசலா தன்னுடைய பழைய லேடீஸ் சைக்கிளைத் தந்தார். செயின் கவரெல்லாம் கிலுகிலு என்று சத்தம் போடும். ஊரே திரும்பிப் பார்க்கும்.

பெப்ரவரி 22, வியாழன்

நோகவில்லை.

மூன்று நாளாக நோகவில்லை. இன்று பாலத்தின் நடுவில்தான் அதைக் கவனித்தேன். நந்திக்கடலைப் பார்த்துக்கொண்டு போகிறேன், கொக்கு நிற்கிறது, தலையைத் திருப்பிப் பார்க்கிறேன் — அப்போதுதான் விளங்கியது. கௌசலாவின் சைக்கிளில் ஹாண்டில் உயரம், வளைந்து என் பக்கம் வருகிறது. நான் கதிரையில் இருக்கிறமாதிரி நிமிர்ந்து இருக்கிறேன். என்னுடையதில் ஹாண்டில் தட்டை, இருக்கிற சீற்றைவிடத் தாழ்வு. அதிலே படுத்துக்கொண்டு, வழி பார்க்கத் தலையை மட்டும் தூக்கி வைத்திருக்கிறேன். ஒன்பது கிலோமீற்றர் போக, ஒன்பது வர.

அப்படியென்றால் அது துண்டு இல்லையா? சைக்கிளா?

சந்தோசப்படத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சைக்கிளை வாங்கித் தந்தது இவர். போன டிசம்பர் நத்தாருக்கு. இறால் நன்றாகப் பட்ட மாதம், தனக்கு ஒரு சட்டைகூட எடுக்காமல், கியர் வைத்த சைக்கிளைச் சிவப்பு ரிபன் கட்டிக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தினார். "இனிக் காத்துக்கு எதிரா உழக்கிக் களைக்கத் தேவையில்லை" என்றார். அதை எப்படிக் குறை சொல்ல?

பெப்ரவரி 26, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். தனியாக. ஒரு கிழமை நோவில்லாமல் இருந்ததுதான் துணிவு தந்தது. பயம் முழுதாக இருந்தபோது போக முடியவில்லை, பாதியான பிறகுதான் கால் வந்தது.

அலுமாரியில் ஞானஸ்நானச் சான்றிதழ்களுக்குக் கீழே கிடந்த பழைய எக்ஸ்றேயையும் கொண்டுபோனேன். டொக்டர் சின்னப்பிள்ளை மாதிரி ஒருவர். இன்று எடுத்த படத்தையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வெளிச்சத்துக்குப் பிடித்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"அக்கா, இஞ்சை பாருங்கோ. அசையேல்லை."

திரும்பிப் பார்த்தேன். ஒரு அரிசி அளவு வெள்ளை. அதே இடத்தில்.

என்ன வேலை, எதிலே போறனீங்கள் என்று கேட்டார். சைக்கிள் என்றதும் கதிரையில் இருந்து அதில் இருக்கிறமாதிரிக் காட்டச் சொன்னார். காட்டினேன். "உப்பிடி இருந்தால் எனக்கும் நோகும்" என்றார். வாய்க்குக் கீழே நாடியை உள்ளே இழுத்துப் பத்து எண்ணவும், தோளை உருட்டவும் சொல்லித் தந்தார். கை விறைத்தால், பலம் குறைந்தால் மட்டும் தாமதிக்காமல் வரவேண்டுமாம்.

வெளியே வந்து மரத்துக்குக் கீழே இருந்து அழுதேன். தம்பிக்காகவும் கொஞ்சம்.

பெப்ரவரி 27, செவ்வாய்

இவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும். இவர் வலையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சைக்கிள் கூடாதெண்டு சொன்னால் நான் கோவிப்பனெண்டு நினைச்சியோ?"

"நீங்கள் ஆசையா வாங்கித் தந்தது."

"சரி, அதை விடு. பீஸைப் பற்றி ஏன் சொல்லேல்லை? ஆஸ்பத்திரிக்கு ஏன் தனியப் போனனி?"

நான் சோற்றைப் போட்டு வைத்தேன். அவர் சொன்னார், "நான் கடலுக்குப் போனால் நீ பயப்பிடுறாய். நான் எப்பவாவது பயப்பிடாதை எண்டு சொன்னனானோ? சேர்ந்து பயப்பிடுவம் ரூபி. அதுக்குத்தானே கலியாணம் கட்டினது."

சோறு ஆறிவிட்டது. இரண்டு பேரும் ஆறின சோற்றைச் சாப்பிட்டோம்.

மார்ச் 2, சனி

முழுநாளும் சைக்கிள் வேலை. கிணற்றடியில் கறள் பிடித்துக் கிடந்த என் பழைய சைக்கிளின் வளைந்த ஹாண்டிலைக் கழற்றினோம். மண்ணெண்ணெய் பூசி, மணல் தாளால் தேய்த்தோம். புதுச் சைக்கிளின் துளைக்கு அதன் தண்டு கொஞ்சம் ஆட்டம். இவர் தகரத்தை ஒடுக்கமாக வெட்டி, சுற்றிச் செருகி இறுக்கினார். பிறகு முன்சில்லைக் கால்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு, பலங்கொண்ட மட்டும் ஹாண்டிலை முறுக்கிப் பார்த்தார். அசையவில்லை. பிரேக் வயர் கட்டை, உயர்ந்த ஹாண்டிலுக்கு எட்டவில்லை; புதிது வாங்கவேண்டி வந்தது. சீற்றைப் பதித்து, முன்னுக்குத் தள்ளினோம். பிடிக்குப் பழைய ரியூப்பைச் சுற்றினேன்.

இப்போது பார்க்க, ஆட்டுக்கு மாட்டுக் கொம்பு வைத்தமாதிரி இருக்கிறது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

மார்ச் 4, திங்கள்

ஹாண்டில் உயரம் கூடிவிட்டது. பாலத்தில் கடற்காற்று நெஞ்சில் பிடித்துப் பாய் விரித்த வள்ளம்போல என்னைத் தள்ளியது. கழுத்து நோகவில்லை, தோள்மூட்டு நொந்தது.

மார்ச் 6, புதன்

ஹாண்டிலை இரண்டு விரல் அளவு கீழே பதித்தோம். நாடியைத் தூக்காமல் தூர வழி தெரியவேண்டும், முழங்கை விறைக்காமல் மடிந்திருக்கவேண்டும் — இவருடைய கணக்கு இது. முற்றத்தில் என்னைச் சைக்கிளில் சுற்றிச் சுற்றி ஓடச் சொல்லி, பக்கவாட்டில் நின்று ஒற்றைக்கண்ணால் பார்த்தார். சரி.

மார்ச் 13, புதன்

பாலத்துக்கு வருமுன் நிறுத்தித் தோளை உருட்டினேன். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் ஏதும் பிரச்சினையோ என்று நின்றார். "இல்லை அண்ணை, கழுத்துக்கு" என்றேன். தானும் ஒருதரம் உருட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 28, ஞாயிறு

கனநாள் எழுதவில்லை. எழுத நோவும் இல்லை.

இன்று வடிவம்மா வந்தார். சைக்கிளில் கருவாடு கட்டிக்கொண்டு புதுக்குடியிருப்புவரை போய் விற்கிறவர். ஐம்பது வயது இருக்கும். "உன்ரை மனுசன் கழுத்து நோவுக்குச் சைக்கிள் திருத்துறாராமே" என்று கேட்டார். இவர் ஸ்பானரோடு இறங்கிவிட்டார். நான் வடிவம்மாவைச் சைக்கிளில் இருத்தி, முதுகில் கை வைத்து நிமிர்த்தினேன். சட்டென்று ஒதுங்கினார்.

"அதிலை தொடாதை பிள்ளை. அதுக்குள்ள ஒண்டு கிடக்கு."

என் கை அப்படியே நின்றது. "படம் எடுத்துப் பாத்தனீங்களோ அக்கா?"

"என்னத்துக்கு? நகந்திட்டுதெண்டு சொன்னால் நான் என்ன செய்யிறது?"

சட்டையை விலக்கி என் தழும்பைக் காட்டினேன். முதலில் கண்ணால் பார்த்தார். பிறகு விரலால் தொட்டுப் பார்த்தார். அம்மாகூடத் தொடாத இடம்.

"செவ்வாய்க்கிழமை போவம், நான் கூட வாறன்" என்றேன். வடிவம்மா ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு போனார்.

ஏப்ரல் 30, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போக வடிவம்மாவை ஆறரைக்கு வரச் சொன்னேன். ஆறு மணிக்கே படலையடியில் மணி அடிக்கிறது. வெளுத்த சேலை உடுத்து, தலைவாரி, பொட்டு வைத்து, கோயிலுக்குப் போகிறமாதிரி நிற்கிறார். கௌசலாவுக்கு லீவு சொல்லியாயிற்று. வடிவம்மாவுக்குத் தேத்தண்ணி ஊற்றப் போகிறேன்.