கணவாய் முட்டை வைக்கிற மாதம்

செல்ல மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம்தான், அவள் முழங்கால் மட்டும் படியேறும்போது முனகுகிறது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் குட்டியும் சுகமென்று எழுது. இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

வலையில் மீன் விழுவது குறைந்துபோனது உனக்குத் தெரியும். மீன்துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்து, நம் கடலில் கணவாய் எவ்வளவு இருக்கிறது, சின்னப் படகில் தூண்டில் போட்டே பிழைக்க முடியுமா என்று பார்க்க ஒரு படகு வேண்டும் என்றாள். எல்லோரும் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நிற்க, நான் சும்மா இருக்காமல் சரி என்று சொல்லி மாட்டிக்கொண்டேன். முதலில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, படகுத்துறையில் எனக்குக் கணவாய் மாமா என்று பெயரே வைத்துவிட்டார்கள். பிறகு கடலுக்குள் இருக்கும் பாறைக்கு அப்பால் தூண்டில் போட்டதும் கூட்டமாக வந்தது பார். மீன் மாதிரி வெடுக்கென்று இழுக்காது, ஈரத்துணி சிக்கியதுபோல் கனக்கும், மேலே வந்ததும் நிறம் மாறி முகத்தில் மையைத் துப்பும். என் சட்டைகளைத் துவைத்துத் துவைத்து அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

சந்தோஷம் அதோடு சரி. வருஷம் முழுக்க ஒரு மாதமும் விடாமல் பிடித்துக் காட்டினால்தான் அந்த இடத்தைச் சின்னப் படகுகளுக்கென்று ஒதுக்குவார்களாம். நான் நடுவில் நிறுத்தினால், அனுமதி கேட்டுக் காத்திருக்கும் பெரிய விசைப்படகுக் கம்பெனி அடியோடு வாரிக்கொண்டு போய்விடும். அனுமதியோ என் பெயரில் மட்டும், வேறு ஆள் படகைத் தொட்டால் செல்லாது. கிண்டல் பண்ணியவர்களே இப்போது வீட்டு வாசலில் வந்து, "அண்ணே, நீங்க விட்டீங்கன்னா எங்க எல்லாருக்கும் போச்சுண்ணே" என்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி மூட்டை கட்டுவது?

உன் பிரசவத்துக்கு வருகிறேன் என்று சொன்னவன் நான். அந்த ஒரு மாதம் மட்டும் விட்டுக்கொடு தாயே என்று அந்த அதிகாரிப் பெண்ணிடம் கெஞ்சியே விட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "அந்த மாசம்தான் ஐயா கணவாய் முட்டை வைக்கிற மாசம், அதை விட்டா மத்ததெல்லாம் வீண்" என்றாள். அவள்மேல் கோபப்படவும் முடியவில்லை. வீட்டுக்கு வந்தால் அம்மா, "பெத்த பொண்ணை விட உங்களுக்குக் கணவாய் பிரசவம்தான் பெருசு" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். கடல் இவ்வளவு அகலமாக இருக்கிறது, எனக்குத் திரும்ப இடமில்லையம்மா.

அம்மா தனியாக வருகிறாள். விமானம் ஏறிப் பழக்கமில்லாதவள், மாப்பிள்ளையை விமான நிலைய வாசலிலேயே வந்து நிற்கச் சொல். நீ குனிந்து கனம் தூக்காதே, மாத்திரையை மறக்காதே. பாறைப்பக்கம் போன் எடுக்காது, ஆகையால் குழந்தை பிறந்ததும் படகுத்துறை ஐஸ் கடைக்குப் போன் அடிக்க மாப்பிள்ளையிடம் சொல். கடைக்காரர் தன் மஞ்சள் மழைக்கோட்டைத் துறைக் கம்பத்தில் ஏற்றுவதாகச் சொல்லியிருக்கிறார், படகிலிருந்தே தெரியும். அந்த மாதம் முழுக்க நான் கரையைப் பார்த்துத்தான் தூண்டில் போடுவேன்.

நீயும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்கவேண்டும்.

வர முடியாத,
உன் அப்பா