கை பொறுக்கும் சூடு

2025 பெப்ரவரி 18, செவ்வாய்

பெல்மதுளைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது மைமூனா ஆன்ட்டி கடைக்குள்ளிருந்து கூப்பிட்டார். கேக், பாண் சுடுகிற சாமான் விற்கும் சின்னக் கடை. ஒஃபிஸ் முடிந்து வரும்போது அவருக்கு ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டுப் போவேன், அவ்வளவுதான் பழக்கம்.

"மகள், ஒங்கட தங்கச்சி இன்டைக்கும் வந்தீந்தா. ஈஸ்ட் எடுத்தா. இது மூணாந் தரம். ஈஸ்ட் பழசான்னு என்னோட சண்டை. பாண் போட்டா கல்லு மாதிரி வருதாம்."

சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

"வயிறும் கொஞ்சம் தெரியுது. நாலு மாசமாம். ஒங்களுக்குத் தெரியும்தானே?"

தலையாட்டினேன். தெரியாது. செப்டெம்பரிலிருந்து அவள் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை.

ஷாமிளா தாயாகப் போகிறாள். ஈஸ்ட் விற்கிற கடையில் நின்று அதைத் தெரிந்துகொண்டேன்.

பெப்ரவரி 19

தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் அந்தோனியம்மா அக்கா, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி: "ஒன் தங்கச்சிக்கு மாப்புள கெடச்சான். எங்களுக்குத்தான் காலையில பாணு இல்ல." எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

பெப்ரவரி 20, வியாழன்

இதை நான் இதுவரை எழுதவில்லை. எழுதிவிடுகிறேன்.

லசந்த எங்கள் தோட்டத்துக்கு பேக்கரிப் பாண் விற்க ஆட்டோ கொண்டுவந்த சிங்களவர். காலை ஆறரைக்கு ஆட்டோவின் பாட்டு மேட்டில் கேட்கும்போதே ஷாமிளா தலை வாரிக்கொண்டு நிற்பாள். எனக்குத் தெரியும். ஒரு வருஷமாகத் தெரியும். இரண்டு பணிஸ் வாங்கப் போகிறவள் எதற்குக் கண்ணாடி பார்க்கிறாள்?

விஷயம் வீட்டுக்குத் தெரிந்த நாளில் அப்பா கோயில் கமிட்டி ஆட்களை வீட்டுக்கே கூப்பிட்டுவிட்டார். அப்பா தோட்டத்துக்கே தலைவர், யூனியன் தலைவர். அவர் வீட்டில் இப்படியென்றால். ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஷாமிளா அடுப்படி வாசலில் நின்றாள். சொன்னாள், தெளிவாக: "நல்ல மனுசன். நான் அவரத்தான் கட்டுவேன். அக்காவக் கேளுங்க, அக்காவுக்கு எல்லாந் தெரியும்."

ஒருவர் என் பக்கம் திரும்பினார். "நீ படிச்ச புள்ள. நீ என்னா சொல்ற?"

இந்தத் தோட்டத்திலேயே கம்பஸ் போய்ப் பட்டம் படித்த முதல் பெண் பிள்ளை நான். நான் போகவேண்டும் என்று அவள் ஓ லெவலோடு நிறுத்திக்கொண்டு கார்மண்டுக்குப் போனாள். நாலு வருஷம். அவள் தைத்து நான் படித்தேன்.

என் கால் விரல்களைப் பார்த்தேன். "எனக்கு ஒன்னுந் தெரியாதுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எப்படி இருந்ததென்று எழுத வரவில்லை. மறுநாள் காலை அவள் இல்லை.

அப்பா அதோடு விடவில்லை. பேக்கரி முதலாளியிடம் போய்ப் பேசி லசந்தவின் வேலையையும் நிறுத்தினார். இப்போது கொடகவெல பக்கம் மாணிக்கக் குழியில் இறங்குகிறாராம். அதனால்தான் இவள் பாண் போட்டுப் பார்க்கிறாள், வீட்டிலிருந்து விற்கலாம் என்று. பாண் விற்றவருக்குப் பாண் போடத் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

எனக்குத் தெரியும். கம்பஸில் என் அறைத்தோழி யும்னா சொல்லிக்கொடுத்தது.

அவள் நம்பர் போனில் இருக்கிறது. எடுப்பேன், பார்ப்பேன், வைத்துவிடுவேன். என்ன சொல்வது?

பெப்ரவரி 23, ஞாயிறு

ஒரு பெட்டி செய்யப் போகிறேன். மாவு, ஈஸ்ட், டின், எல்லாம் அளந்து, எப்படிச் செய்வதென்று எழுதி.

யும்னாவிடம் இருந்தது கரண்டில் சுடும் 'அவன்' அடுப்பு. ஷாமிளாவிடம் இருக்கப்போவது விறகு அடுப்பு. ஆகவே நானும் அடுப்பில் செய்து பார்த்துத்தான் எழுதவேண்டும். பெரிய சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் டின்னை வைத்து, மூடிமேல் சிரட்டைத் தணல் போட்டேன். அடி கருகியது. மேல்பக்கம் வெள்ளை.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். எதுக்கு என்று கேட்கவில்லை. கருகின அடியை வெட்டிவிட்டுத் தேத்தண்ணியில் நனைத்துச் சாப்பிட்டாள்.

மார்ச் 2, ஞாயிறு

நெருப்புக் கணக்குப் பிடிபட்டுவிட்டது. கீழே கொஞ்சம், மேலே நிறைய. முக்கால் மணி நேரம்.

இதைவிடப் பெரியது ஒன்று இன்று கண்டேன். ஈஸ்டை ஊறப்போட்டுவிட்டுத் தேங்காய் துருவப் போனேன். திரும்பி வந்தால் அம்மா, உதவி என்று நினைத்து, மாவில் கொதி தண்ணீரை ஊற்றிப் பிசைந்துகொண்டிருக்கிறாள். ஆவி பறக்கிறது. ரொட்டிக்கு அப்படித்தானே. காலையில் கொழுந்து பறிக்க மலைக்குக் கட்டிக்கொண்டு போகிற ரொட்டி மத்தியானம்வரை மெதுவாக இருக்கவேண்டுமென்றால் கொதி தண்ணீர்தான். நாங்கள் எல்லாரும் நடக்கப் பழகியதும் கற்றுக்கொண்டது அது.

ஈஸ்ட் அந்தச் சூட்டில் செத்துப்போகும்.

ஷாமிளா செய்வது இதைத்தான்! மூன்று தடவையும் இதைத்தான் செய்திருப்பாள். ஈஸ்ட் பழசில்லை. அவள் கைதான் ரொட்டிக் கை.

பிசைந்துகொண்டிருந்த அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டுச் சிரித்தேன். ஏன் சிரிக்கிறேன் என்று அம்மாவுக்குப் புரியவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு சிரிப்பு.

மார்ச் 6, வியாழன்

பெட்டியில் இருப்பவை: நான்கு பைகளில் மாவு, ஒவ்வொன்றிலும் உப்பும் சீனியும் கலந்தது. ஈஸ்ட் தனித்தனிச் சுருளாக. பாண் டின். ஒரு பிளாஸ்டிக் கோப்பை, தண்ணீர் எதுவரை என்பதற்குச் சிவப்புக் கோடு. கோடு போட்டது அவள் விட்டுப்போன நகப்பூச்சால். பார்த்தால் அவளுக்குத் தெரியும்.

தாளில் முதலில் "கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர்" என்று எழுதினேன். பிறகு யோசித்தேன். எங்கள் கை எந்தச் சூட்டைத்தான் பொறுக்காது? அடுப்பிலிருந்து சட்டியைத் துணியில்லாமல் இறக்குகிறவள் அவள். அடித்துவிட்டு இப்படி எழுதினேன்:

"புள்ளயக் குளிப்பாட்டுற சூடு. மணிக்கட்ட விட்டுப் பாரு. அந்தச் சூட்டுக்கு மேல போவாத."

எழுதியபோது சந்தோஷமாக இருந்தது. பெயர் சொல்லாமல், மன்னிப்பும் கேட்காமல், எனக்குத் தெரியும் என்று அவளுக்குச் சொல்லிவிட்டேன் அல்லவா.

பிசைந்த மாவை மூடிவைக்க ஒரு துணி வேண்டுமென்று தேடினேன். அம்மா தன் டிரங்குப் பெட்டியடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவளுடைய பழைய வெள்ளைப் பருத்திச் சேலை, துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போனது. நான்கு துண்டாக வெட்டி, நான்கு பக்கமும் ஓரம் தைத்திருந்தாள்.

"மா மூடத்தான்," என்றாள்.

ஷாமிளாவுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது என்று அவளிடம் நான் சொல்லவில்லை. மலையில் யாராவது சொல்லியிருக்கவேண்டும்.

மார்ச் 8, சனி

மைமூனா ஆன்ட்டியிடம் பெட்டியை வைத்துவிட்டு வந்தேன். நோன்பு நேரம், பாவம், குரலே இல்லை அவருக்கு. "நீங்களே கொண்டு குடுக்கலாம்தானே மகள்? ஒரு மணித்தியாலம் பஸ்," என்றார்.

வேலை இருக்கிறது என்றேன். சனிக்கிழமை.

மார்ச் 13, போயா (பௌர்ணமி லீவு)

அவள் இன்னும் கடைக்கு வரவில்லையாம்.

மார்ச் 19

வரவில்லை. ஈஸ்ட் வாங்குவதையே விட்டுவிட்டாளோ?

மார்ச் 25, செவ்வாய்

லசந்த வந்து பெட்டியை எடுத்துப்போயிருக்கிறார். நேற்று.

மைமூனா ஆன்ட்டி என்னைக் கடைக்குள்ளே ஸ்டூலில் உட்கார வைத்தார். அப்போதே ஏதோ என்று தெரிந்தது.

"புள்ள நிக்கல்ல மகள். ரெண்டு கிழமைக்கு மேலாகுதாம். அஞ்சாம் மாசம். எனக்குத் தெரியாது, பெட்டிய அந்தாள்ட கையில குடுத்த பொறகுதான் சென்னாரு. இல்லாட்டி குடுக்காம வெச்சிருப்பேன்."

இரண்டு கிழமை. அப்படியென்றால் நான் அந்த வரியை எழுதிய நாட்களில்தான். நான் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது. அவள் எங்கே கிடந்தாளோ, பக்கத்தில் யார் இருந்தார்களோ.

புள்ளயக் குளிப்பாட்டுற சூடு.

அய்யோ.

அந்தப் பிள்ளைத் துணிகளும்.

மார்ச் 26

அம்மாவைப் பார்க்க முடியவில்லை. சோறு போடும்போது கேட்கிறாள், "பொட்டி போயிருச்சா?" போயிருச்சு என்றேன். அவள் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம். நான் என்ன செய்ய? ஒரு வாக்கியம் சொல்லவேண்டும், அவ்வளவுதான். வரவில்லை. மறுபடியும் கால் விரல்களைத்தான் பார்க்கிறேன்.

மார்ச் 28, வெள்ளி

ஞாயிறு ஷாமிளாவிடம் போகிறேன். எழுதிவிட்டேன், இனி மாற்ற முடியாது.

மார்ச் 30, ஞாயிறு

ஒரு வீட்டின் பின்பக்கத்து அறை. முன்னால் வாழை. லசந்த சிங்களத்தில் உட்காரச் சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போவதுபோல் போய்விட்டார். வாளியில் தண்ணீர் இருந்தது, அதை ஊற்றிவிட்டுத்தான் போனார்.

ஷாமிளா மெலிந்துவிட்டாள். நைட்டியின் தோள் வழுகி இறங்குகிறது. சுவர்த் தட்டில் பெட்டி, திறந்தபடி. துணிகள் மட்டும் தனியாக, மடித்து, அவள் தலையணைக்குப் பக்கத்தில்.

"அந்தத் தாள்ல— அந்த வரி— எனக்குத் தெரியாது ஷாமி."

"ஒனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்." பிறகு, கோபமே இல்லாமல்: "அன்னைக்கும் தெரியாதுன்னுதான சொன்ன."

பஸ்ஸில் ஆயிரம் சொல் தயாரித்திருந்தேன்.

"அன்னைக்குத் தெரியும்," என்றேன். "தெரிஞ்சுதான் சொல்லாம நின்னேன். பயத்துல."

அவள் தலையாட்டினாள். சரி என்று இல்லை. கேட்டது என்று.

"ஆஸ்பத்திரியில அம்மாவக் கேட்டேங்க்கா. மயக்கத்துல. நர்ஸுக்குத் தமிழ் தெரியாது. இவருதான் சொல்லியிருக்காரு, அவ அம்மாவக் கேக்குறான்னு. நர்ஸு கேட்டாளாம், எங்க, அம்மா வரலையான்னு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எதுவும் இல்லாமல் இருப்பதும் பேசாமல் நிற்பதும் வேறு வேறு என்று முதல் தடவையாகத் தெரிந்தது.

துணிகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "மா மூடுறதுக்கு யாருக்கா ஓரம் தைப்பா?"

"மா மூடத்தான்னு சொன்னா அம்மா."

"ம்." ஓரத்து நூலை நகத்தால் தடவினாள். நீண்ட நேரம். பிறகு எழுந்து, "தண்ணி வைக்கிறேன்," என்றாள்.

கொதித்ததும் வழக்கம்போல் அப்படியே ஊற்றப் போனாள். கையைப் பிடித்தேன். பச்சைத் தண்ணீர் கலந்தோம்.

"இம்புட்டு ஆறிப்போயா? நான் தளதளன்னு கொதிக்கக் கொதிக்கல்ல ஊத்துனேன்."

"ரொட்டி மாதிரி."

"ரொட்டி மாதிரி!" சிரித்துவிட்டாள். "அந்தக் கடைக்கார ஆன்ட்டியோட மூணு தடவ சண்ட போட்டேங்க்கா நான்." சிரித்துக்கொண்டே மணிக்கட்டைத் தண்ணீரில் விட்டாள். விட்டதும் சிரிப்பு நின்றது. கையை எடுக்கவில்லை. அப்படியே தண்ணீரைப் பார்த்தபடி அழுதாள், சத்தமில்லாமல், தோள் மட்டும் ஆட. நான் அவள் முதுகில் கை வைத்தேன். தண்ணீர் ஆறிவிட்டது. மறுபடி சூடாக்கினோம்.

மா ஒரு மணி நேரத்தில் துணியை முட்டிக்கொண்டு எழுந்தது. அவள் துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

பாண் நன்றாக வந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் சரிவு. லசந்த ஒரு துண்டு தின்றுவிட்டுச் சிங்களத்தில் சொன்னார்: இதைப்போல ஒன்றை நான் ஆட்டோவில் விற்றதே இல்லை. "பொய்," என்றாள் இவள். பாதியை வெட்டிப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள்.

"அம்மாவுக்கு," என்றாள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தபோது ஆறு மணி. அப்பா இருந்தார். பேப்பரைப் பிரித்து வைத்தேன். "பாணு ஏது?" என்றார்.

"ஷாமிளா போட்டதுங்கப்பா."

ஆறு மாதமாக அந்தப் பெயர் இந்த வீட்டில் கேட்கவில்லை. அப்பா கை அப்படியே நின்றது.

"நான் அவ வூட்டுக்குத்தான் போயிட்டு வந்தேன். அவளுக்குப் புள்ள தங்கலங்கப்பா. அஞ்சு மாசம். ஆஸ்பத்திரியில அம்மாவக் கேட்டுருக்கா." கால் விரல்களைப் பார்க்காமல் சொன்னேன். "அன்னைக்கு எல்லாரும் என்னையக் கேட்டப்ப தெரியாதுன்னேன். பொய். லசந்த நல்லவருன்னு எனக்குத் தெரியும். இப்ப சொல்றேன்."

அம்மா அடுப்பங்கரையில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா எழுந்து, செருப்பைத் தேடி, செருப்பில்லாமலே வெளியே போனார்.

மார்ச் 31

அப்பா பாணைத் தொடவில்லை. அம்மா மலைக்கு அதைத்தான் கட்டிக்கொண்டு போனாள், ரொட்டி சுடவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

எழுந்தபோது அம்மா குளித்து, நல்ல சேலை கட்டி, தேங்காய் இரண்டும் பெற்ற உடம்புக்குக் கொடுக்கும் காயப்பொடியும் பையில் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அப்பா இஸ்தோப்புத் திண்ணையில் இருந்தார். "எங்க?" என்று என்னைத்தான் கேட்டார்.

"ஷாமிளா வூட்டுக்குங்கப்பா."

ரோட்டைப் பார்த்தார். "ஏழு மணி பஸ்ஸு ஞாயித்துக்கெழம வராது," என்றார். "ஏழரைக்குத்தான்." தானும் வருகிறேன் என்று சொல்லவில்லை.

ஷாமிளா அம்மாவைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். அம்மா அவளைக் கட்டிப்பிடிக்கவும் இல்லை, அழவும் இல்லை. நேரே அடுப்படிக்குப் போய்ப் பையை வைத்தாள். இன்றைக்கு இரண்டு பாண் போடவேண்டும், பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறார்கள் என்றாள் ஷாமிளா. தண்ணீர் சுட்டிருந்தது.

அம்மா வளையலை மேலே தள்ளிவிட்டு மணிக்கட்டைத் தண்ணீரில் விட்டாள். அப்படியே நின்றாள்.

"கூட இருக்கு," என்றாள். "இன்னுங் கொஞ்சம் பச்சத்தண்ணி ஊத்து."

ஷாமிளா ஊற்றினாள்.